மதகடி விரல்

சாத்தனேரியின் மதகடியில் கிடந்த ஆமை வாயைத் திறந்தபோது, நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் இருந்தது. அதை முதலில் பார்த்தவன் டேவிட். ஏரிக்கரைத் தெருவில் வளர்க்கும் கலர் மீன்களுக்காகக் கால்வாய்ச் சேற்றில் சிவப்புப் புழு அள்ளி விற்பவன் அவன். பாதி ஆயுளைத் தண்ணீரைப் பார்த்துக் குனிந்தே கழித்தவன் என்பதால், தண்ணீருக்குள் எதைக் கண்டாலும் அவனுக்குப் பதற்றம் வருவதில்லை. அன்றும் வரவில்லை. கூடையைக் கரையில் வைத்தான், முகத்தைக் கழுவிக்கொண்டான், இன்னொரு தடவை குனிந்து பார்த்தான், பிறகு நேராகத் தணிகாசலத்தின் வீட்டு வாசலுக்குப் போய், பால் பாக்கெட் வந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி அவன் மனைவி கோமளாவிடம் சொன்னான்.

"யக்கா, மதகாண்ட உங்க வூட்டு ஆமை கெடக்குது. வாயத் தொறந்துகினு கெடக்குது. உள்ள ஒரு விரலு ஆடுது. நம்ம பாப்பா ஆட்டுமே, அதே மாதிரி ஆடுது. வந்து பாக்கறியா?"

கோமளா அடுப்பை அணைத்துவிட்டு, தலையை அள்ளி முடிந்துகொண்டு, அவனுக்கு முன்னால் நடந்தாள்.

ஏரிக்கரைத் தெருவில் விரல் என்பது சும்மா விஷயமில்லை. ஊர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகளில் நீந்துகிற கலர் மீன்களில் பாதி அந்தத் தெருவின் மொட்டை மாடிகளில் பிறந்தவை. வீட்டுக்கு வீடு சிமெண்ட் தொட்டிகள், மாடிப்படி ஓரமெல்லாம் ஒவ்வொரு ஃபைட்டர் மீனாக அடைத்த பாட்டில்கள், துணி காயப்போட இடமில்லை என்று பெண்கள் சண்டை போடுகிற அளவுக்கு மீன். தீனி போடுவதற்கு முன்னால் ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் விட்டு மடக்கி மடக்கி ஆட்டுவார்கள். அதற்கு விரல் காட்டுவது என்று பேர். விரலைக் கண்டதும் தொட்டியின் மூலைமுடுக்கில் இருக்கிற மீனெல்லாம் ஓடிவந்து நுனியைக் கொத்தும், அப்புறம்தான் புழு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆட்டம் உண்டு, அந்த வீட்டு மீன் அடுத்த வீட்டு விரலுக்கு வராது, பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே விரல் காட்டப் பழகிவிடும்.

கோமளாவின் மகள் யாமினி, வீட்டு ஆட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளாமல் தனக்கென்று ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். சடசடவென்று இரண்டு மடக்கு, எதையோ மறந்துவிட்டவள் மாதிரி ஒரு நிறுத்தம், பிறகு மெதுவாக, நீளமாக, "அட வாயேன்" என்பதுபோல ஒரு மடக்கு. ஜன்னலோரத் தொட்டியில் அவளுக்கென்று இருந்த மஞ்சள் வால் கப்பி மீன்கள் அந்த ஒரு ஆட்டத்துக்குத்தான் வரும், அப்பா விரலைக்கூட மதிக்காது.

அந்தத் தெருவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வால் கிழிந்த மீன், நிறம் மங்கிய மீன், தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்துவிட்ட மீன், எதையும் யாரும் கொல்ல மாட்டார்கள். வாளியில் எடுத்துப்போய் ஏரியில் ஊற்றி, "பொழச்சிக்கினு போ" என்று சொல்லிவிட்டு வருவார்கள். புண்ணியம் செய்த திருப்தியோடு வந்து காப்பி குடிப்பார்கள். இப்படி வருஷக்கணக்காக ஊற்றி ஊற்றி, சாத்தனேரியில் கெண்டையும் கெளுத்தியும் குறைந்து, விரலைக் கண்டால் ஓடிவருகிற மீன்களே நிறைந்துவிட்டன. இதில் ஒரு தப்பு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆமையும் அப்படித்தான் ஏரிக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து வந்த மீன் பெட்டி ஒன்றில் தவறிப்போய் வந்திருந்த குட்டி அது, எலுமிச்சம்பழம் அளவு இருந்தது, முதுகெல்லாம் முள்ளு முள்ளாக, முகத்தைப் பார்த்தால் யாரோ கடன் கேட்டுவிட்ட மாதிரி ஒரு கடுப்பு. மற்ற ஆமைகள் தீனியைத் தேடிப் போகும், இது போகாது. தொட்டியின் அடியில் கல்லோடு கல்லாகக் கிடந்து வாயை மட்டும் திறந்து வைத்திருக்கும். வாய்க்குள் எல்லாம் சேற்று நிறம், நாக்கின் நுனியில் மட்டும் சிவப்பாகப் புழு மாதிரி ஒரு சதை, அதை மட்டும் நெளித்துக்கொண்டே இருக்கும். கப்பிக் குஞ்சு புழு என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்க்கும், அத்தோடு சரி. உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வருவதால் யாமினி அதற்கு மொதலாளி என்று பேர் வைத்தாள். அவளுடைய விரலை மட்டும் அது ஒருநாளும் கடித்ததில்லை. அவள் ஆட்டினால் வாயை மூடிக்கொண்டு, பூனைக்குட்டி மாதிரி நகர்ந்து வந்து, மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும்.

மொதலாளி வளர்ந்தார். துடைப்பக் கட்டையை ஒரே கடியில் இரண்டாக்கினார். வாளி விளிம்பைக் கடித்து எடுத்தார். "பொண்ணு வெரலு போறதுக்குள்ள ஏரியில கொண்டுபோய் விடு" என்று கோமளாதான் சொன்னாள். கோணிப்பையில் கட்டித் தூக்கிப்போய் விட்டவன் தணிகாசலம். யாமினி அன்றைக்குச் சாப்பிடவில்லை, மறுநாள் சாப்பிட்டாள், அதற்கடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் மதகுச் சுவரில் குப்புறப் படுத்துத் தண்ணீரில் விரல் காட்ட ஆரம்பித்தாள். ஐப்பசி மழையில் மதகுச் சுவர் முழுக்கப் பாசி பிடித்திருந்தது. கோரைப்புல்லுக்குள்ளிருந்து அவளை எடுத்துக்கொண்டு வந்தபோது, மஞ்சள் தண்ணீர் வைத்து மகளின் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகத் துடைத்தவள் கோமளா. ஒரு விரலும் குறையவில்லை. அதனால் டேவிட் வந்து சொன்ன அன்று, மதகடிக்கு நடக்கும்போதே அவளுக்குத் தெரியும், அது யாமினியின் விரல் இல்லை. வழியெல்லாம் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் போனாள்.

ஆமை முழங்கால் ஆழத் தண்ணீரில் கிடந்தது, மதகின் இடுக்கில், பாசி படர்ந்து, ஒரு அம்மிக்கல் அளவுக்கு. வாய் திறந்திருந்தது. உள்ளே சிறிய விரல் ஒன்று, நகத்தில் பாதி உரிந்த சிவப்புப் பாலிஷோடு, இரண்டு மடக்கு மடக்கியது. நின்றது. பிறகு மெதுவாக, நீளமாக ஒரு மடக்கு. கோமளா சுவரில் உட்கார்ந்தாள். "பாவி, பாவி" என்றாள், யாரை என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு அழுதாள். மகள் போனதிலிருந்து அழவேண்டும் என்று காத்திருந்து வராமல் போன அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது, டேவிட் கூடையைத் தூக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்துவிட்டான்.

தெரு கூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மனைவியைப் பறிகொடுத்த ரிட்டையர்டு பஸ் கண்டக்டர் ஏகாம்பரம்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"பாப்பா விரலாவது இன்னாவது. இது எங்க வூட்டம்மா விரலு. மோதிரத் தழும்பு தெரியல? நான் டூட்டி முடிச்சி வந்தா, பேச மாட்டா, சமையக்கட்டுல இருந்துகினே ஒரு விரலை மட்டும் இப்படி ஆட்டுவா, சாப்ட வான்னு."

"கண்ணாடிய மாத்து பெரியவரே," என்றாள் பழம் விற்கிற நூர்ஜகான், அவரை இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடி. அடுத்த நொடி பழக்கூடையைக் கீழே வைத்தாள். துபாய்க்கு வேலைக்குப் போய், இரண்டு ரம்ஜானாக ஒரு போன்கூடச் செய்யாத அவளுடைய மகனின் விரல், நகத்தைக் கடித்துக் கடித்துக் கட்டையாகிப் போனது, அங்கே நின்று "உம்மா, இங்க வா" என்றது.

அன்று மாலைக்குள் மதகடியில் கைகலப்பு ஆகிவிட்டது. ஒருவர் தடித்த விரல் என்றார், ஒருவர் சூம்பிய விரல் என்றார், தையல்காரர் ஊசி குத்திய வடு இருப்பதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், ஒரு கல்யாண வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர் கை கழுவாமலே வாதாடினார். கடைசியில் தெரு நலச் சங்கத்துக்காரர்கள் கூடி, டீ வாங்கிக் கொடுத்து, அவரவருக்கு அவரவர் விரல் என்று தீர்ப்பு சொன்னார்கள். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. தண்ணீர் லாரி வருகிற தெருவில் வாழ்ந்து பழகியவர்கள், உடனே வரிசை போட்டார்கள். வரிசை என்று வந்ததும் முறை வந்தது, முறை வந்ததும் செருப்பு விட ஒரு இடம் வந்தது, செருப்புக்குப் பக்கத்தில் பூக்காரி வந்தாள், யாரும் தவறி விழாமலிருக்க இரும்புக் கம்பித் தடுப்பு வந்தது, தடுப்பில் 'பார்க்கலாம், தொடக்கூடாது' என்று போர்டு வந்தது. கவுன்சிலர் வந்து, ட்யூப் லைட் போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்து, எட்டிப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தி வெறுமனே உட்கார்ந்திருந்து போனார். உச்சி வெயிலில் யாரும் வர விரும்பாததால், அந்த நேரம் கோமளாவின் முறையானது. அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தினமும் வந்தாள்.

கொஞ்ச நாளில் வனத்துறையிலிருந்து ஒரு ஆபீசர் வலையும் ஆட்களுமாக ஜீப்பில் வந்தார். நல்ல மனுஷன். கோமளாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்.

"இது நம்ம ஊர் ஆமை இல்லம்மா. ஏரியில இருக்கக்கூடாது, மத்ததையெல்லாம் தின்னு தீர்த்துடும். நீங்க பாக்கிறது விரல் இல்ல, நாக்கு. இது வேட்டையாடுற விதமே இப்படித்தான். ஓடாது, தேடாது. வாயத் தொறந்து வச்சிகிட்டு அசையாம கெடக்கும். நாக்கை மட்டும் ஆட்டும். மீன் பாவம், தெரியாம ஏமாந்து வாய்க்குள்ள போயிடும்."

"மீனுக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க?" என்றாள் கோமளா, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொறந்ததுலேர்ந்து மீனோட இருக்கேன் சார். நேத்து பக்கத்துல இருந்தது இன்னிக்கி இல்லன்னா அதுக்குத் தெரியும். அந்த வாயி எதுக்குத் தொறந்து கெடக்குதுன்னும் தெரியும். தெரிஞ்சிதான் போவுது. பசிச்சா இன்னா பண்ணும்?"

ஆபீசர் சிரித்துக்கொண்டே எழுந்து, வலையை எங்கே போடுவது என்று பார்ப்பதற்காகத் தடுப்பின்மேல் குனிந்தார். குனிந்தவர் நிமிர வெகு நேரமானது. பிறகு ஆட்களிடம், "இங்க ஒண்ணும் இல்லப்பா, வேற எங்கயோ போயிருக்கு" என்றார். ஆமை அவர் காலடியில் கிடந்தது. ஆட்களும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் சார், ஒன்றும் இல்லை என்றார்கள். அதன் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் யூனிஃபார்ம் இல்லாமல் வந்து, எல்லாரையும்போல வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

முதலில் தொட்டவனும் டேவிட்தான். பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி மேலே வராமல் போன அண்ணன் ஒருவன் அவனுக்கு உண்டு. ஒருநாள் கம்பிக்கு நடுவே கையை விட்டு, அண்ணனின் விரலைத் தொட்டான். ஆமையின் வாய் மூடிய சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது என்று சொன்னார்கள். கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனைக் கோமளா பிடித்து உலுக்கினாள். "ஏண்டா தொட்ட? ஏண்டா?" ஆமை வாயை மூடிக்கொண்டால் திரும்பத் திறக்க நாளாகும், அதுவரைக்கும் யாருக்கும் விரல் தெரியாது என்பதுதான் அவள் கோபம்.

"தொட்டேன்க்கா," என்றான் டேவிட். "அவன்தான்க்கா. கையில அவன் போடுற அந்த மலையாள சோப்பு வாசனகூட இருந்துச்சி."

அதற்குப் பிறகு போர்டை யார் மதிப்பார்கள்? ஏகாம்பரம் போனார், ஒரு விரல் குறைந்து, திருப்தியாகத் திரும்பி வந்தார். நூர்ஜகான் போனாள். தையல்காரர் போய், ஊசி பிடிக்க முடியாமல் திண்டாடி, மச்சானைக் கடையில் உட்கார வைத்தார். ரேஷன் கடை மிஷினில் ரேகை விழாமல், "வேற விரல வைங்கம்மா" என்று கடைக்காரர் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், கடைசியில் சொல்லாமலே நடுவிரலைப் பிடித்து வைக்கப் பழகிக்கொண்டார். மாப்பிள்ளை பார்க்க வந்து, பையனுக்கு விரல் இல்லையே என்று கேட்ட வெளியூர்க்காரர்களிடம், "நல்ல குணம் உள்ள பையன், வூட்டுல எழவு விழுந்து ஒரு வருஷம்தான் ஆவுது" என்று தெரு பதில் சொன்னது. இப்படியாக எல்லாம் பழகிப்போனது, ஒன்றைத் தவிர. விரல் போனவர்களின் வீட்டில் மீன்கள் வரவில்லை. மொட்டை விரலையும் நடுவிரலையும் எவ்வளவு ஆட்டினாலும் அவை தொட்டியின் அடியிலேயே நின்றன, போட்ட புழுவை மேலே வந்து தின்னாமல் மெலிந்தன. விற்க முடிந்தவர்கள் விற்றார்கள். மொட்டை மாடித் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து, அவற்றில் பெண்கள் வடகம் காயவைத்தார்கள். ஏரியில் கொண்டுபோய் ஊற்றுவதற்கு யாரிடமும் மீன் மிஞ்சவில்லை.

தணிகாசலம் மட்டும் மதகடிப் பக்கமே போகவில்லை. மார்க்கெட்டுக்கு வெளியூர்ப் பண்ணைக்காரர்களின் மீன் பை ஏற்றிக்கொண்டு போகும்போதுகூட ஏரிக்கரை வழியை விட்டுவிட்டு, சுடுகாட்டைச் சுற்றிக்கொண்டு போனான். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் ஜன்னலோரத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். யாமினியின் மஞ்சள் வால் கப்பிகளைப் பார்த்துக்கொண்டான், தண்ணீர் மாற்றினான், பாசி எடுத்தான், கரண்டியால் தீனியைத் தூவிவிட்டு உடனே கையை இழுத்துக்கொண்டான். அடியில் இறங்கியதை மட்டும் கொத்தித் தின்று அவை உயிரோடு இருந்தன. ஒருநாளும் அவன் அதில் விரல் காட்டவில்லை.

"எம் விரலக் காட்டினா அதுக்குப் பழகிடும்," என்று ஒருதடவை கோமளாவிடம் சொன்னான். "அப்பால அவ விரலு மறந்துடும். இப்ப வரைக்கும் அதுங்க அவளத்தான் பாத்துகினு இருக்குதுங்க. இருக்கட்டும்."

இப்படி ஒரே துக்கத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு அவர்கள் இருந்தார்கள். அவனிடம் காத்திருக்கிற மீன்கள் இருந்தன, அவளிடம் கூப்பிடுகிற விரல் இருந்தது. சோறு பரிமாறும்போது இருவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

வெயில் காலம் வந்தது. கோமளாதான் முதலில் கவனித்தாள், ஆமை இளைத்துவிட்டது. கழுத்துத் தோல் தொங்கியது. நாள் முழுக்க வாய் திறந்தே கிடந்தது, ஆனால் வாய்க்குள் போக ஏரியில் மீன் இல்லை. மனித விரல்களிலும் துணிந்தவர்களுடையது தீர்ந்துவிட்டது. யாமினியின் விரல் முதல் இரண்டு மடக்கு மடக்கிவிட்டு நின்றால், மூன்றாவது மடக்கு வருமா வராதா என்று கோமளா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நிறுத்தம் நாளுக்கு நாள் நீண்டது. ஒருநாள் மூன்றாவது மடக்கு வரவே இல்லை. அவள் கறிக்கடையிலிருந்து ஈரல் வாங்கி வந்து போட்டாள், அது கிடந்து நாறியது. உயிரோடு நீந்தி வருவதைத்தான் அது தின்னும். நகர்ந்து வராததை அது சாப்பாடு என்று நினைப்பதில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது தணிகாசலத்திடம் கேட்டாள்.

"அந்தக் கப்பிய கொஞ்சம் குடுய்யா."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனுக்குத் தெரியும்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "தெரியும். குடுக்க மாட்டேன்."

"சாவப் போவுதுய்யா. இன்னொரு தபா சாவப் போவுது. நா பாத்துகினு நிக்கணுமா?"

"அது ஆமை கோமளா," என்றான் அவன். தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும், கோமளா ஜன்னலோரத் தொட்டியின் முன்னால் போய் நின்றாள். மீன்கள் கண்ணாடி ஓரம் வந்து அவளைப் பார்த்தன. வலையைப் போட்டு, ஒன்று விடாமல் அள்ளி, ஆக்சிஜன் பையில் தண்ணீரோடு போட்டுக் கட்டினாள். அவளுடைய கை தவறவில்லை. தவறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு நினைத்தாள். உச்சி வெயிலில் மதகடி காலியாக இருந்தது. பல்லால் பையைக் கிழித்து, கம்பித் தடுப்பின் இடைவெளி வழியாக, ஆமைக்கு முன்னால் ஊற்றினாள்.

ஊற்றியதும் கப்பிகள் திகைத்துச் சிதறின. தொட்டியில் பிறந்தவற்றுக்கு அவ்வளவு பெரிய தண்ணீர் புரியவில்லை. அப்போது ஆமையின் வாய்க்குள் விரல் அசைந்தது. சடசடவென்று இரண்டு மடக்கு, ஒரு நிறுத்தம், மெதுவாக ஒரு மடக்கு. கோமளா பார்த்தாள். மாசக்கணக்காகக் காத்துக் கிடந்த மீன்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பின. பயந்து போகவில்லை, பசியில் போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவளைக் கண்ட மாதிரி, வாலை ஆட்டிக்கொண்டு, ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. வாய் மூடியது. திறந்தது. மூடியது. தண்ணீரில் மஞ்சள் தூள் கரைந்த மாதிரி வால் துண்டுகள் மிதந்தன. கோமளா கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

மறந்து வைத்துவிட்ட வலைப்பையை எடுக்கப் பாதி வழியில் வீடு திரும்பிய தணிகாசலம், காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். மகள் போன நாளுக்குப் பிறகு மதகுச் சுவரில் அவன் ஏறியது அன்றுதான். அடிப்பான் என்று கோமளா நினைத்தாள். அடித்தால் தேவலை என்று நினைத்தாள். அவன் தண்ணீரைப் பார்த்தான், கிழிந்த பையைப் பார்த்தான், அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நம்மளுக்காவது தெரியும், அது அவ இல்லன்னு," என்றான். "அதுங்களுக்குத் தெரியாதே கோமளா. அவதான் வந்துட்டான்னு போயிருக்குமே."

அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மீனுக்கு எல்லாம் தெரியும் என்று ஆபீசரிடம் பெரிதாகப் பேசியவள் அவள்தான். அவன் அவளைத் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். தின்று தெம்பான ஆமை மறுபடியும் வாயைத் திறந்தது. விரல் நன்றாக, வேகமாக, பழையபடி ஆடியது. அதைப் பார்த்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிய இடத்தில், மதகோரத்து ஆகாயத்தாமரை வேருக்குள், மஞ்சளாக என்னவோ அசைந்தது.

"ஒண்ணு இருக்குது," என்றான். "வேருக்குள்ள ஒண்ணு இருக்குது பாரு."

கப்பி ஒன்று வேரிலிருந்து தலையை நீட்டி ஆமையின் பக்கம் பார்த்தது. உள்ளே போனது. மறுபடி நீட்டியது.

"கூப்புடுய்யா, சீக்கிரம்."

"எம் விரலு அதுக்குத் தெரியாது," என்றான் தணிகாசலம். "நாந்தான் காட்டவேயில்லையே. நீ காட்டு."

மகள் போன நாளிலிருந்து கோமளாவும் எந்தத் தண்ணீரிலும் விரல் வைத்ததில்லை. அவள் சுவரில் குப்புறப் படுத்தாள், யாமினி படுத்த அதே இடத்தில், அதே பாசியில். கம்பிக்கு நடுவே கையை விட்டாள். ஆமையின் வாய்க்கும் அவள் கைக்கும் ஒரு சாண்தான் இருந்தது. தணிகாசலம் அவள் இடுப்புப் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவள் விரலை மடக்கினாள், சடசடவென்று இரண்டு, ஒரு நிறுத்தம், மெதுவாக ஒன்று. பக்கத்தில் அந்த விரலும் மடக்கியது, அதே இரண்டு, அதே நிறுத்தம், அதே ஒன்று. வேரை விட்டு வெளியே வந்த மீன் இரண்டு விரலுக்கும் நடுவில் நின்றது. இங்கே கொஞ்சம் வந்தது. அங்கே கொஞ்சம் போனது. அந்தச் சின்ன விரல், பாதி பாலிஷ் உரிந்த நகத்தோடு, அம்மாவை விட அழகாகத்தான் கூப்பிட்டது. கோமளா அதைப் பார்க்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, மகளுக்கு முதன்முதலில் விரல் காட்டக் கற்றுக் கொடுத்த நாளில் செய்ததுபோல, "வா, வா, வா, வா" என்று முணுமுணுத்துக்கொண்டே மடக்கினாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. விரல் நுனியில் ஏதோ கொத்தியது.

அவள் இரண்டு கையையும் கூட்டி அள்ளினாள். கிழித்துப்போட்ட பை எதற்கும் உதவாது. "மக்குல தண்ணி எடுத்தாறேன், நீ வா, வந்துகினே இரு" என்று கத்தியபடி தணிகாசலம் செருப்பை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினான். அவள் எழுந்தாள். குவித்த கைக்குள் மீன் துள்ளியது. பின்னால், மதகடித் தண்ணீருக்குள், அந்த விரல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது மடக்கை மடக்கி, அட வாயேன் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். கை இடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்ததால், நின்று திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.